புத்தகச் சந்தையும் நம் அச்சு வரலாறும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் உரையாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பௌத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். சாதியற்ற திராவிடர் என்னும் அவருடைய கருத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியவைதான். இந்த உரையில் நாம் அவரை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். வாரந்தோறும் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தவர், தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் வழி தேடியவர், சந்தா சேர்த்தவர், கடல் கடந்த ஊர்களுக்கும் தபாலில் இதழ் அனுப்பியவர் என்ற பக்கம் அது. சிந்தனையாளரைக் கொண்டாடுகிற நாம், அந்தச் சிந்தனை வாசகனின் கைக்குப் போய்ச் சேர்ந்த வழியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

இப்போது அதை யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கலையொட்டிச் சென்னையில் புத்தகக் காட்சி நடக்கிறது. 2022 முதல் அரசின் ஆதரவோடு மாவட்டத் தலைநகரங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. 2023 ஜனவரியில் தமிழக அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. அயல்நாட்டுப் பதிப்பாளர்கள் வந்து மொழிபெயர்ப்பு உரிமை பேசினார்கள். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் ஒரே மேடையில் அமரும் கருத்தரங்குகள் பெருகிவிட்டன. தலித் இலக்கியம் என்ற தலைப்பில் ஓர் அமர்வு இல்லாத நிகழ்ச்சி நிரல் இன்று குறைவு.

இந்த மைதானத்தில் நாம் வாசகராக இருக்கிறோம், எழுத்தாளராகவும் இருக்கிறோம். அச்சிடுகிறவராகவும் விற்கிறவராகவும் எத்தனை பேர் இருக்கிறோம்? நாம் எழுதியதன் வரவு யாருடைய கணக்கில் சேர்கிறது? ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்விகளை வரலாற்றிடம் கேட்கும்போது ஒரு விடை திரும்பத் திரும்ப வருகிறது. எழுத ஆள் இல்லாமல் நாம் ஒருபோதும் இருந்ததில்லை. எழுத்து வாசகரைச் சேரும் வழி நம் கையில் இருந்த காலத்தில் அது பிழைத்தது. அந்த வழி அறுந்த காலத்தில் தொலைந்தது. இதைச் சில ஆண்டுகளையும் சில ஊர்களையும் தொட்டுச் சொல்லலாம் என்று கருதுகிறோம்.

புனே: எழுத்தாளர் கூட்டத்துக்கு வந்த மறுப்பு

இந்தியாவில் எழுத்தாளர்கள் கூடிய தொடக்ககால மாநாடுகளுள் ஒன்று 1878இல் புனேவில் நடந்தது. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயும், லோகஹிதவாதி என்று அறியப்பட்ட கோபால் ஹரி தேஷ்முக்கும் முன்னின்று மராத்தி நூலாசிரியர்களைக் கூட்டினார்கள். மராத்தி நூல்கள் வளர வேண்டும், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பது நோக்கம். இரண்டாவது கூட்டம் 1885இல் நடந்தது. அதற்கு மகாத்மா ஜோதிராவ் புலேவுக்கு அழைப்பு வந்தது. அவர் வர மறுத்துக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ‘ஞானோதயா’ இதழில் வெளியானது.

கடிதத்தின் சாரம் இது: மக்களுக்கு மனித உரிமைகளை மனமாரத் தர மறுப்பவர்களின் சபையோடும் புத்தகங்களோடும் எங்கள் சபையும் புத்தகங்களும் ஒட்டாது. அவர்கள் எழுதியவற்றில் சூத்திரரும் அதிசூத்திரரும் படும் பாட்டுக்கு இடமில்லை. எங்கள் நலனுக்கான வழியை நாங்களே யோசித்துக்கொள்கிறோம்.

இதை ஒரு கோபக்காரரின் கடிதம் என்று வாசிப்பவர்கள் உண்டு. நாம் அப்படி வாசிக்கவில்லை. புலே அந்த மறுப்பை எழுதியபோது வெறுங்கையோடு இல்லை. 1873இல் ‘குலாம்கிரி’ வெளியாகியிருந்தது. அதே ஆண்டு சத்தியசோதக் சமாஜம் தோன்றியிருந்தது. 1877இல் அதே இயக்கத்தைச் சேர்ந்த கிருஷ்ணராவ் பாலேகர் ‘தீனபந்து’ இதழைத் தொடங்கியிருந்தார். கூடுவதற்கு ஒரு சங்கமும், எழுதுவதற்கு ஒரு பத்திரிகையும் இருந்தபடியால் அழைப்பை மறுப்பது அவருக்கு அரசியல் செயலாக முடிந்தது. கையில் எதுவும் இல்லாதவர் மறுத்தால் அது வெறும் விலகல்தான்.

புலேவுக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்திருந்தது. 1855இல் ‘திருதிய ரத்னா’ என்ற நாடகத்தை எழுதினார். படிப்பில்லாத ஓர் ஏழைக் குடும்பத்தைச் சோதிடம் சொல்லிப் புரோகிதன் சுரண்டுவதும், கல்வி அவர்களைக் கண்விழிக்க வைப்பதும் அதன் கதை. நூலாசிரியர்களுக்குப் பரிசளித்து நூல்களை ஊக்குவித்த தட்சிணைப் பரிசுக் குழுவிடம் அதைக் கொடுத்தார். குழு அதை ஏற்கவில்லை. அந்த நாடகம் முதன்முதலாக அச்சேறியது 1979இல். எழுதியதற்கும் அச்சானதற்கும் நடுவே 124 ஆண்டுகள். அதை யாரும் தடை செய்யவில்லை, எரிக்கவில்லை. ஒரு குழு ஏற்க மறுத்தது, அவ்வளவுதான். ஒரு எழுத்தை ஒழிக்கத் தடைச்சட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

புனேயின் அந்த நூலாசிரியர் கூட்டம்தான் பின்னர் அகில பாரத மராத்தி சாகித்திய சம்மேளனமாக வளர்ந்தது. புலேவின் மறுப்பும் வளர்ந்தது. 1958இல் மும்பையில் முதல் தலித் சாகித்திய சம்மேளனம் கூடியது. அதைத் தொடங்கிவைத்தவர் அண்ணா பாவ் சாத்தே. பள்ளிப்படிப்பே இல்லாமல், மும்பையின் ஆலைத் தொழிலாளர்கள் நடுவில் வாழ்ந்து, கதைகளும் பாட்டுகளும் எழுதியவர். எழுத்தாளர் என்றால் யார் என்ற கேள்விக்கு அந்த மேடையே விடையாக இருந்தது.

மதராஸ்: ஒரு பைசா விலைக்கு ஒரு பொதுவெளி

புனேயில் ஒருவர் கூட்டத்துக்குப் போக மறுத்தார். மதராஸில் ஒருவர் போய்ப் பார்த்தார். 1892இல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு அயோத்திதாசர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். ஆலய நுழைவு பற்றிக் கேட்டபோது அவைக்குள் அவமதிப்பான பதில் வந்தது. தம் மக்களுக்குக் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்ற கோரிக்கைகளை அவர் விடாமல் முன்வைத்தார். இதையெல்லாம் நாம் இன்று அறிவது எப்படி? பின்னாளில் அவரே தம் பத்திரிகையில் எழுதியதால்தான். பத்திரிகை இல்லையென்றால் அந்த அவமதிப்புக்கும் சாட்சி இல்லை, அந்தக் கோரிக்கைக்கும் சாட்சி இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1893 அக்டோபரில், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவு என்று ஊர் சொன்ன பெயரையே தலைப்பாக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று மக்களைத் திரட்டினார். ஆதிக்க சாதியினர் ஆட்சிப் பதவிகளை மொத்தமாகக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமான மனு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனது. சில பக்கங்கள் கொண்ட ஓர் இதழ் மூன்று மாதங்களுக்குள் இவ்வளவு பேரை ஒரு கோரிக்கையின்கீழ் நிற்கவைத்தது. அந்தக் கோரிக்கையை இன்று நாம் எப்படி மதிப்பிட்டாலும், நமக்கென ஒரு பொதுவெளி உருவான விதம் இதில் தெரிகிறது.

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. விலையையே பெயரில் வைத்த பத்திரிகை. யார் வாங்க வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தாரோ, அவர்களால் கொடுக்க முடிந்த காசு அது. மறு ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. 1914 மே மாதம் பண்டிதர் மறையும்வரை அது வாரந்தோறும் வந்தது. வாசகர்கள் சென்னைக்குள் மட்டும் இல்லை. கோலார் தங்கவயலிலும், இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் இருந்தார்கள். பிழைக்கப் போன இடமெல்லாம் பத்திரிகை போனது. ‘இந்திரர் தேச சரித்திரம்’ தொடராக வந்தது இதில்தான். அரசியல், மருத்துவம், இலக்கண விளக்கம், வாசகர் கேள்வி பதில் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் வேலையை அந்த இதழ் செய்தது.

அதே பத்திரிகையில் பண்டிதர் தம் குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்தியையும் பதிவு செய்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை அவர் மூலம் எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று எழுதுகிறார். தமிழ் அச்சு வரலாற்றை ஓலையிலிருந்து தாளுக்கு வந்த வெற்றிக்கதையாகச் சொல்லும் நூல்கள் பல. ஓலை யார் வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்று கேட்டவர் பண்டிதர். அந்தக் கேள்வியைக் கேட்கவும் சொந்தமாக ஒரு பத்திரிகை தேவைப்பட்டது.

தொலைந்தவையும் காத்தவர்களும்

இந்த இதழ்கள் தனியாகத் தோன்றியவை அல்ல. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலாக்கினார். ‘சூரியோதயம்’, ‘பஞ்சமன்’, ‘திராவிட பாண்டியன்’, ‘மகாவிகடதூதன்’ என்று ஒரு நீண்ட வரிசை அதில் வருகிறது. அவற்றுள் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று கையில் இல்லை. பிற இதழ்கள் போகிற போக்கில் குறிப்பிட்டதாலும், காலனி அரசு தன் கண்காணிப்புக்காக எழுதிவைத்த அறிக்கைகளாலும் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சமூகத்தின் பத்திரிகையைப் பற்றி அறிய, அந்தச் சமூகத்தை வேவு பார்த்த ஆவணத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

‘தமிழன்’ ஏன் தொலையவில்லை? பண்டிதர் இறந்த பிறகு தங்கவயல் தொழிலாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலாரிலிருந்து ‘தமிழ’னை மீண்டும் கொண்டுவந்தார். 1934 வரை அது நடந்தது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. பூமிக்கடியில் பாறை உடைத்துத் தங்கம் எடுத்தவர்கள், அந்தக் கூலியில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு ஒதுக்கினார்கள். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இதற்கு ஓர் அத்தியாயம் தர வேண்டும். ஒரு பத்தியாவது கிடைக்கிறதா என்று மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

தங்கவயலுக்குப் பிறகு இதழ்களையும் சிறுநூல்களையும் வீட்டில் வைத்துக் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்றோர். கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் அவர்கள் காத்த தாள்களிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தன. மூன்றாம் தொகுதி பின்னர் வந்தது. தமிழ்ப் பொது அறிவுலகம் அயோத்திதாசரை விரிவாக விவாதிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 1914இலிருந்து 1999வரை 85 ஆண்டுகள். இடையில் எத்தனை பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், எத்தனை மாநாடுகள், எத்தனை இலக்கிய வரலாறுகள் வந்துபோயின!

அந்த 85 ஆண்டுகளில் பண்டிதர் மறக்கப்பட்டார் என்று நாமே சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. சேரியும் தங்கவயலும் அவரை மறக்கவில்லை. மறந்தவர்கள் யார் என்று பெயர் சொல்லாமல் ‘மறக்கப்பட்டார்’ என்று எழுதுவது, காத்தவர்களின் உழைப்பையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

நின்றுபோன உரை, விற்றுத் தீர்ந்த நூல்

நினைவுச் சொற்பொழிவை நூலாக அச்சிடும் வழக்கம் நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 1936 ஓர் எடுத்துக்காட்டு. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் எழுதினார். மாநாடு நின்றது. ஒரு சொல்கூடப் பேசப்படாத அந்த உரையை அவர் தம் செலவில் நூலாக வெளியிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. ஆங்கிலப் பதிப்பின் 1,500 பிரதிகளும் இரண்டே மாதத்தில் விற்றுத் தீர்ந்ததாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் ‘குடி அரசு’ வட்டம். மேடையை மறுத்தவர்களால் நூலை மறுக்க முடியவில்லை. காரணம், அச்சிடும் முடிவு அம்பேத்கரிடம் இருந்தது.

அதற்கும் 16 ஆண்டுகளுக்கு முன், 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதற்கான விளம்பரத்தை வெளியிடப் புனேயின் ‘கேசரி’ மறுத்தது. புதிய பத்திரிகை வருகிறது என்ற செய்திக்குக்கூட இடமில்லை. அன்று கைகொடுத்தவர் கோலாப்பூர் சாகு மகாராஜா. 2,500 ரூபாய் அளித்தார். எழுத்துக்குப் பின்னால் இப்படித் தாள், மை, முதல், விளம்பரம் என்று ஒரு வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் எந்த இடத்தில் கதவு மூடினாலும் எழுத்து வெளியே வராது.

1956 செப்டம்பர் 14 அன்று, உடல் தளர்ந்திருந்த நிலையில், அம்பேத்கர் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் அச்சுச் செலவு 20,000 ரூபாய் ஆகிறது, தம் சக்திக்கு மீறியது என்பதைச் சொல்லி, புத்தரின் 2,500ஆவது ஆண்டு விழாவையொட்டி நூலகங்களுக்கும் அறிஞர்களுக்கும் வழங்க அரசு 500 பிரதிகள் வாங்குமா என்று கேட்டார். மறுநாளே பதில் வந்தது. விழா வெளியீடுகளுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது, விழாவுக்கு வெளிநாட்டார் பலர் வருவார்கள், அப்போது தில்லியிலும் பிற இடங்களிலும் நூலை விற்பனைக்கு வைக்கலாம் என்றது அந்தப் பதில். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் கேட்டது 500 பிரதி. கிடைத்தது, சந்தையில் வைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்ற ஆலோசனை. நூல் அவர் மறைந்த பிறகு, 1957இல்தான் வெளிவந்தது.

தாதரும் நாக்பூரும்: தரையில் விரித்த புத்தகக் காட்சி

சந்தையில் விற்றுக்கொள்ளுங்கள் என்ற அந்தப் பதிலுக்கு மக்கள் தங்கள் வழியில் விடை சொன்னார்கள். டிசம்பர் 6 அன்று மும்பை தாதரின் சைத்தியபூமிக்கும், தம்மச்சக்கர நாளில் நாக்பூரின் தீட்சாபூமிக்கும் இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். கிராமங்களிலிருந்து ரயிலேறி, கட்டுச்சோற்றோடு வந்து, மைதானத்திலேயே படுத்து எழுந்து போகிறவர்கள். அங்கே சிவாஜி பூங்காவிலும் தீட்சாபூமியைச் சுற்றியும் புத்தகக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. மேசை போட்டவை பாதி, தரையில் தார்ப்பாய் விரித்தவை பாதி. புலே, அம்பேத்கர், பௌத்தம், அரசியல் சட்டம், பாட்டுப் புத்தகம், நாட்காட்டி, சிறு வெளியீடுகள் எல்லாம் கிடைக்கும். எழுதியவரே விற்பதையும் பார்க்கலாம்.

அங்கே திறப்புவிழாவுக்கு அமைச்சர் வர வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் பேரப்பிள்ளைக்கு என்று ஒரு புத்தகத்தை விலை கேட்டு வாங்கிப் போகிறாள். வழிபாட்டுத் தலத்திலிருந்து பிரசாதம் கொண்டுபோகிற நாட்டில், தலைவரின் நினைவிடத்திலிருந்து புத்தகம் கொண்டுபோகிற பழக்கத்தை ஒரு மக்கள் இயக்கம் உண்டாக்கியிருக்கிறது. அதை நம் பதிப்பு வரலாற்றின் நடுவில் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. மராத்தி தலித் பதிப்பகங்கள் பல பெரிய விநியோகஸ்தர்களை நம்பாமல் காலம் தள்ளியதற்கு இந்த இரண்டு நாட்களும் முக்கியமான காரணம். 2016இல் நாக்பூரில் யோகேஷ் மைத்ரேயா தொடங்கிய பேந்தர்ஸ் பா பதிப்பகம் ஆங்கிலத்தில் நூல்களைக் கொண்டுவருகிறது. அதற்குப் பின்னாலும் இந்த வாசிப்பு மரபுதான் இருக்கிறது.

அரசு அச்சிட்டால் போதாதா என்று கேட்கலாம். மகாராட்டிர அரசு 1979 முதல் அம்பேத்கரின் எழுத்துகளையும் பேச்சுகளையும் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் பின்னால் நின்ற பெரிய உழைப்பு வசந்த் மூனுடையது. மலிவு விலையில் அந்தத் தொகுதிகள் வந்ததால்தான் நம் மாணவர்கள் அம்பேத்கரை முழுமையாக வாசிக்க முடிந்தது. தமிழில் 37 தொகுதிகள் வந்ததும் அதன் தொடர்ச்சியே. ஆனால் 1987இல் ‘இந்து மதத்தின் புதிர்கள்’ அடங்கிய தொகுதி வெளியானபோது சிவசேனை எதிர்த்துக் கிளம்பியது. அரசு தடுமாறியது. தலித் மக்கள் மும்பை வீதிகளில் பெருந்திரளாக இறங்கிய பிறகே, அரசு இக்கருத்துகளுடன் உடன்பட வேண்டியதில்லை என்ற குறிப்போடு அந்தத் தொகுதி நிலைத்தது. 2021இல் வேறொரு செய்தி வந்தது. 9 இலட்சம் பிரதிகள் அச்சிடப் பல கோடி ரூபாய்க்குத் தாள் வாங்கி வைத்தும், அச்சானது ஏறத்தாழ 33,000 மட்டுமே என்று நாளேடு எழுதியது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு பதிப்பது நம் உரிமை. கேட்டுப் பெற வேண்டும். அதை மட்டும் நம்பியிருந்தால் தாள் கிடங்கில் கிடக்கும், வாசகன் வெளியே நிற்பான்.

சென்னை: 22 அரங்கிலிருந்து

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இல் அண்ணா சாலையின் மதரஸா ஐ ஆசம் பள்ளி வளாகத்தில் முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. அன்று 22 அரங்குகள். அண்மை ஆண்டுகளில் அது 900ஐ ஒட்டி நிற்கிறது. 1998இல் நெய்வேலியிலும் 2005இல் ஈரோட்டிலும் புத்தகத் திருவிழாக்கள் தொடங்கின. கோயில் திருவிழாவில் எந்தத் தெருவுக்குத் தேர் வரும், யார் வடம் பிடிக்கலாம் என்று சாதி தீர்மானிக்கும் நாட்டில், நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் எந்தக் கடையிலும் எந்தப் புத்தகத்தையும் புரட்டலாம் என்ற ஒரு திருவிழா உருவானது சிறிய செய்தியல்ல. அதன் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை.

தமிழ் தலித் இலக்கியம் அந்த மைதானத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு எழுப்பிய அலையில் சிற்றிதழ்கள் வந்தன, விவாதங்கள் வந்தன. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்த ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாகவே வந்தது. அது ஒரு பெரிய பதிப்பகத்தின் புத்தகம் அல்ல. ஆங்கிலத்தில் 2000இல் வெளியான பிறகு உலகப் பல்கலைக்கழகங்களின் பாடமானது. ராஜ் கௌதமனின் ‘தலித் பண்பாடு’ 1993இல் வந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. 1997இல் ‘தலித் முரசு’ தொடங்கியது. இன்று நீலம் பதிப்பகமும் இதழும் அந்த வரிசையில் இருக்கின்றன. பொதுப் பதிப்பகங்கள் நம் நூல்களைச் சிறப்பாகக் கொண்டுவந்ததையும் நாம் மறுக்கவில்லை. முதலில் நம்பி அச்சிட்டவை பலமுறை சிறிய அமைப்புகள்தான் என்பதைச் சேர்த்தே சொல்கிறோம்.

கடையின் கணக்கையும் கொஞ்சம் பேச வேண்டும். அரங்கு வாடகை, லாரிக் கூலி, நிற்கிற ஆளுக்குச் சம்பளம், வாசகருக்கு வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடி எல்லாம் போக மிஞ்சுவதுதான் பதிப்பாளருக்கு. நூற்றுக்கணக்கான தலைப்புகள் வைத்திருக்கும் பதிப்பகம் இதைத் தாங்கும். பத்துத் தலைப்பு வைத்திருக்கும் தலித் பதிப்பாளர் நான்கு நாள் மழை பெய்தால் கடனாளியாவார். பரம்பரைச் சொத்தோ, வங்கியில் ஈடுகாட்ட நிலமோ இல்லாத சமூகத்திலிருந்து வருகிறவருக்கு முதல் என்பது பெரும்பாலும் சம்பளத்திலிருந்து பிடித்ததுதான். சந்தை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. எல்லோரும் ஒரே முதலோடு உள்ளே வருவதில்லை என்பதும் உண்மை. எழுத்தாளர் பக்கத்திலும் இதே கதை. ராயல்டி எவ்வளவு, எத்தனை பிரதி அச்சாகிறது, மொழிபெயர்ப்பு உரிமை யாருடையது என்று எழுத்தில் கேட்க நம் இளம் எழுத்தாளர்கள் கூச்சப்படுகிறார்கள். புத்தகம் வந்ததே பெரிது என்று நினைக்கிறார்கள். கூலியை வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கியவர்களுக்கு எதிராகத்தான் நாம் சங்கம் அமைத்தோம். எழுத்துக் கூலிக்கும் அது பொருந்தும்.

கருத்தரங்கில் நமக்கு ஓர் அமர்வு தருகிறார்கள். ‘வலியின் மொழி’ என்பதுபோல ஒரு தலைப்பும் தருகிறார்கள். பதிப்புரிமை, நூலகக் கொள்முதல், விநியோகம் பற்றிய அமர்வுகளில் நம்மை உட்காரவைப்பது அரிது. அனுபவத்தைச் சொல்ல நாம், தொழிலைப் பேச அவர்கள் என்ற இந்தப் பிரிவினையை மாணவர்கள் ஆராய வேண்டும். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரையே படிநிலையாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் விளக்கியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, காப்பகம். இந்த மாவட்டத்தில் நடந்த போராட்டங்களின் துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள், சிற்றிதழ்கள் யாருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன? ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வீட்டையாவது தேடிப் போய்ப் படமெடுத்து, பட்டியல் போட்டு வைக்க வேண்டும். பெரியவர்கள் மறைந்த பிறகு அந்தப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஒரு கிலோ தாளுக்கு அவர் தரும் விலைதான் அப்போது நம் வரலாற்றின் விலை.

இரண்டாவது, கூட்டு அரங்கு. பத்துத் தலைப்பு வைத்திருக்கும் ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அரங்கு எடுக்கலாம். வாடகையையும் ஆளையும் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்டத் திருவிழாக்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் சிறு பதிப்பகங்களுக்கு வாடகைச் சலுகை கேட்பதில் தவறில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் விழாவில் அது உரிமைக் கோரிக்கை.

மூன்றாவது, நூலகம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வழியாக இந்த மாநிலத்தில் நூலகங்கள் மக்களின் வரியில் நடக்கின்றன. நூலகக் கொள்முதல் பட்டியலில் நம் நூல்கள் எத்தனை, ஊர்ப்புற நூலகத்துக்கு எத்தனை போய்ச் சேர்ந்தன என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அம்பேத்கர் கேட்ட 500 பிரதிகளை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

நான்காவது, சேரிக்குள் விற்பனை. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் ஊரூராகச் சிலைக்கு மாலை போடுகிறோம். அதே இடத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து ஐம்பது புத்தகங்களை வைப்போம். விலையை, வாங்க வேண்டியவரின் கையிலிருக்கும் காசைப் பார்த்து வைப்போம். பண்டிதர் 1907இல் அப்படித்தான் விலை வைத்தார்.

புத்தகக் காட்சிகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் போவோம். அழைத்தால் பேசுவோம், அழைப்பில் மரியாதை இல்லையென்றால் புலேவைப் போல மறுப்போம். இரண்டையும் செய்ய நம்மிடம் சொந்த அச்சும் சொந்த வாசகரும் இருக்க வேண்டும். இந்த உரையை நீங்கள் கேட்டதோடு விடாமல் சிறுநூலாகவும் உங்கள் கையில் தருவதற்குக் காரணம் அதுதான். படித்து முடித்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடுத்தவருக்குக் கொடுங்கள், ஒரு பிரதியை மட்டும் உங்கள் ஊர் நூலகத்தில் சேர்த்து, பதிவேட்டில் எண் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.